எதிரே வருபவர் கண்ணுக்கு

வீட்டில் எரியும் விளக்குப் புகைந்தால் அதை வீட்டாரே முதலில் அறிவர். குழாய் ஒழுகினால் சத்தம் கேட்கிறது. கதவு தொய்ந்தால் தரையில் உரசுகிறது. மோட்டார் வண்டியின் முகப்பு விளக்கு மட்டும் ஒரு விசித்திரமான பொருள். அது கோணிப் போனால் அதன் சொந்தக்காரருக்குத் தெரிவதே இல்லை. சொல்லப் போனால், ஒளி சற்று மேலேறி நெடுந்தூரம் விழுவதைக் கண்டு, ‘நம் வண்டியின் விளக்கு என்ன பிரகாசம்!’ என்று அவர் மகிழவும் கூடும். குறையை அறிந்தவர் எதிரே வருபவர் ஒருவரே. அவரோ அறிந்த மறுகணமே நம்மைக் கடந்து இருளில் மறைந்துவிடுகிறார்.

அமரவிளையில் குடியிருப்பவர்களுக்கு இதைப் பற்றி நினைக்க நிறையச் சந்தர்ப்பம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலை, நெய்யாற்றின் கரை தாண்டியதும் நெய்யாற்றைப் பாலத்தில் கடந்து எங்கள் ஊருக்குள் நுழைகிறது. முன்பு 47 என்ற எண்ணும் இப்பொழுது 66 என்ற எண்ணும் பெற்ற அதே தேசிய நெடுஞ்சாலைதான். ‘விளை’ என்றால் மேட்டுப்பாங்கான தோட்டநிலம் என்பதை நாஞ்சில் நாட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயருக்கேற்ப இந்தப் பக்கத்துச் சாலை ஏறும், இறங்கும், வளையும். மேட்டின் உச்சியில் ஏறிவரும் வண்டி, விளக்கு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒரு கணம் எதிரே இருப்பவர் முகத்தில் ஒளியை வீசித்தான் தீரும். விளக்கும் கோணலாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வரும்வரையில் இங்கே வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்தது. லாரிகள் வரிசையாக நின்று நின்றுதான் நகரும். அந்த நிறுத்தம் போன பிறகு இரவில் அவற்றின் வேகமும் கூடிவிட்டது.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பலசரக்கு வியாபாரத்தின் நிமித்தம் என் தந்தையார் இங்கே வந்தார். அவர் வாங்கியது 1987ஆம் ஆண்டின் அம்பாசடர் வண்டி. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் சாயலில், வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவானது. 2014இல் அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. எனவே இன்று இந்த வண்டிக்கு வரும் நோய்களுக்கு வீட்டு வைத்தியமே பெரும்பாலும் கதி. தந்தையார் மறைந்த பிறகும் அதை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. சட்டப்படி 15 ஆண்டு கழிந்த சொந்த வண்டிகளை 5 ஆண்டுக்கொருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அவ்வாறு 2022இல் முறை வந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். மலையாளத்தார், என்னைவிட மூத்தவர். இந்தத் தெற்கத்தி மலையாளத்தில் மூத்தவரைச் ‘சேட்டன்’ என்பதைவிட ‘அண்ணன்’ என்று அழைப்பதே வழக்கம். ஆதலால் எனக்கு நாக்கை மாற்ற வேண்டிய சிரமம் இல்லை. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால், விடியுமுன்பே நெற்றியில் சிறு விளக்கைக் கட்டிக்கொண்டு சாலையோரமாகத் தோட்டத்துக்கு நடந்து செல்வார். ஒருநாள் எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் முகத்தில் அடித்தது. கண் இருண்டு, கால் தவறி, ஓடைக்குள் இறங்கிவிட்டார். கலுங்கின் சுவரைப் பிடித்துக்கொண்டதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. கையிலிருந்த வெட்டுக்கத்தி எந்தப் பக்கம் விழுந்திருக்கலாம் என்பதை அவரும் நானும் அதிகம் பேசவில்லை.

“எந்த வண்டி, அண்ணா?” என்று கேட்டேன்.

“கண்ணில் வெளிச்சம் அடித்தவன் நம்பர் வாசிப்பானா, தம்பி?” என்றார்.

அந்த மறுமொழி என்னோடேயே இருந்தது. மற்றெந்தக் குற்றத்திலும் பாதிக்கப்பட்டவர் ஏதாவது ஓர் அடையாளம் சொல்வார். இதில் அடையாளம் காணும் கண்ணையே அல்லவா முதலில் எடுத்துக்கொண்டுவிடுகிறது! அந்த வழியே இரவில் போகும் ஒவ்வொரு வண்டியும், எங்களுடையது உட்பட, அது நான் இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல வழியில்லை.

எங்கள் வண்டியைப் பற்றி எனக்கு ஐயம் எழக் காரணமும் கிடைத்தது. முன்பக்கத்து மட்கார்டு நசுங்கியதை ஒரு பட்டறையில் நிமிர்த்தி வாங்கியிருந்தோம். அதன்பின் ஊருக்குப் போய் ஞாயிறு இரவு திரும்புகையில், ஆரல்வாய்மொழி தாண்டியது முதல் களியக்காவிளை வரை எதிரே வந்த வண்டிகள் பலவும் விளக்கை ஏற்றி ஏற்றி இறக்கின. “எதிரே வருகிறவர்களெல்லாம் ஏன் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார்கள்?” என்று பின்னிருக்கையிலிருந்து அம்மா கேட்டார். நாங்களோ டிம்மில்தான் ஓட்டிவந்தோம்.

இதிலுள்ள கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். எங்கள் வண்டியில் விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிம் ஒளியின் மேல்விளிம்பு 100க்கு 1 என்ற அளவில் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், அது 70 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடும். அதாவது நமக்கு வேண்டிய அளவு சாலை தெரியும். எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழேயே ஒளி நின்றுவிடும். அதே விளிம்பு 100க்கு 1 மேல்நோக்கி இருந்துவிட்டால் சாலையை அது தொடவே தொடாது. 80 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். ஒன்றரை மீட்டர் என்பது நடந்துவருகிற மனிதனின் கண் உயரம். நன்மைக்கும் தீமைக்கும் இடையே இருப்பது நூற்றில் இரண்டு பங்கு. திருகாணியில் சில சுற்றுகள். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு வினாடிக்கு 14 மீட்டர் கடக்கிறார். கூசிய கண் தெளிய 3 வினாடி ஆயிற்று என்றால் 40 மீட்டருக்குமேல் அவர் குருடராகவே வண்டி ஓட்டுகிறார். வயதானவர் கண்ணோ தெளிய இன்னும் நேரமெடுக்கும்.

சட்டமும் இதை மனிதக் கண்ணை வைத்தே அளந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, விளக்குக்கு முன்னே 8 மீட்டரில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண்ணுள்ள ஒருவரைக் கூசவைக்காதபடி ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் அவ்வாறு சாய்க்கும் வசதி இருக்க வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் வறட்டு வாசகங்களே மிகுதி என்பது என் அபிப்பிராயம். ஆனால் இந்த ஒரு விதியை எழுதியவர் சாலையோரமாக நடந்து பழகியவராய் இருந்திருப்பார்.

இனி வேலைக்கு வருவோம். விளக்கைச் சீராக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுவர், சாக்குக்கட்டி, அளவு நாடா, திருப்புளி, இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் போதும். கடினமானது சமதரை கிடைப்பதே. எங்கள் முற்றம் ஆற்றை நோக்கிச் சரிகிறது. மேட்டுநிலத்தில் பிறந்த ஊரில் 30 அடிச் சமதரையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? கடைசியில் கொப்பரை காயவைக்கும் சிமெண்டுக் களம் ஒன்றும் அதன் ஓரத்துக் கிட்டங்கிச் சுவரும் வாய்த்தன. களத்தின் உடைமையாளரிடம் கேட்டுத் தந்தவர் அந்தப் பால்வெட்டு அண்ணன்தான். மழைநீர் வடிவதற்காகக் களத்துக்கும் சற்றே சாய்வு உண்டு. அது குற்றமில்லை. வண்டி நிற்கும் தரையும் சுவர்வரையுள்ள தரையும் ஒரே சீரான சாய்வாக இருந்தால் போதும். வண்டி மேட்டிலும் சுவர் பள்ளத்திலும் இருப்பதுதான் ஆகாது. ஐயமிருந்தால் கொத்தனார்கள் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நாலு சக்கரத்துக்கும் காற்றைச் சரிபார்த்தோம். ஒரு சக்கரம் தளர்ந்திருந்தால் விளக்கும் அந்தப் பக்கம் தலை சாய்க்கும். பெட்ரோல் பாதித் தொட்டி. ஓட்டுபவர் இடத்தில் என் தம்பி. வண்டியின் முன்னும் பின்னும் ஓரிரு முறை அழுத்திவிட்டோம். முறுக்குத் தண்டும் பட்டையும் தம் இயல்பான நிலைக்கு வரவேண்டுமல்லவா? பிறகு வண்டியைச் சுவரை முட்டுமளவு கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு விளக்குகளின் நடுப்புள்ளிகளையும் சுவரில் குறித்தோம். ஒவ்வொரு புள்ளியின் வழியாகவும் நெட்டுக்கோடு ஒன்று. இரண்டையும் இணைத்துக் கிடைக்கோடு ஒன்று. அந்தக் கிடைக்கோட்டுக்கு 3 அங்குலம் கீழே இன்னொரு கோடு. பின் வண்டியை நேராகப் பின்னோக்கி 25 அடி நகர்த்தினோம். 25 அடி என்பது 300 அங்குலம். அதில் நூற்றில் ஒன்று 3 அங்குலம். பழைய மெக்கானிக்குகள் 25 அடி, 3 அங்குலம் என்று வாய்ப்பாடாகச் சொல்வதன் பொருள் இதுதான்.

டிம் விளக்கைப் போட்டதும் சுவர் உண்மையைச் சொல்லிவிட்டது. இடது விளக்கின் ஒளி ஏறக்குறைய ஒழுங்காக இருந்தது. மட்கார்டு நிமிர்த்திய வலப்பக்கத்து விளக்கின் ஒளியோ கீழ்க்கோட்டைத் தாண்டி, மேல்க்கோட்டையும் தாண்டி, அதற்கும் நாலு விரற்கடை மேலே, வலப்பக்கமாக ஒதுங்கி நின்றது. நம் நாட்டில் இடப்பக்கமாகச் செல்கிறோம். எதிரே வருபவர் நமக்கு வலப்பக்கம். ஆக, அந்த விளக்கு நேரே அவர் கண்ணைக் குறிபார்த்து வைத்ததுபோல் இருந்தது.

விளக்கைச் சுற்றியுள்ள குரோம் வளையத்தைக் கழற்றினால், உச்சியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு திருகாணிகள் தெரியும். மேலே உள்ளது ஒளியை ஏற்றவும் இறக்கவும். பக்கத்தில் உள்ளது இடவலமாகத் திருப்பவும். 35 ஆண்டு மழை கண்ட திருகாணிகள் அல்லவா, முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு வைத்திருந்தேன். வேலை செய்யும் விளக்கைத் தவிர மற்றதன் முன்னே ஓர் அட்டையை நிறுத்தி ஒளியைத் தடுத்தோம். கண்ணாடி சுடுமாதலால் சாக்கைப் போர்த்துவது சரியல்ல. எந்தப் பக்கம் திருகினால் ஒளி ஏறும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கால் சுற்றுத் திருகிவிட்டுச் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் வந்து அமர வேண்டும். வலப்பக்கம் அந்த விளிம்பு மட்டமாகவும், நெட்டுக்கோட்டுக்கு இடப்பக்கம் சற்றே மேலேறியும் இருக்கும். அந்த ஏற்றம் பிழையன்று. இடது ஓரத்தில் நடப்பவரையும் மைல்கல்லையும் நமக்குக் காட்டுவதற்காகவே அமைத்தது. திருகை முடிக்கும்போது இறுக்கும் திசையிலேயே முடிப்பது நல்லது. தளர்த்தும் திசையில் விட்டால் குலுங்கும் சாலையில் அது மெல்ல நழுவிவிடும். டிம்மைச் சரிசெய்தால் பிரைட்டும் தானே சரியாகிவிடுகிறது. இரண்டும் ஒரே பல்பில் இருப்பவை.

இந்த இடவல விஷயத்தில் வெளிநாட்டிலிருந்து பழைய உதிரிப்பாகம் கொண்டுவருகிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வளைகுடா நாடுகளில் வண்டிகள் வலப்பக்கமாகச் செல்கின்றன. அந்த ஊர் விளக்கில் ஒளியின் ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். அதை இங்கே பொருத்தினால் எத்தனை திருகினாலும் எதிரே வருபவரின் கண் தப்பாது. சுவீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3ஆம் நாள் இடப்பக்க ஓட்டத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, சாலைப் பலகைகளோடு வண்டிகளின் விளக்குகளையும் மாற்ற வேண்டியிருந்தது.

சுவரில் கோடு சரியாயிற்று என்றதும் நான் வளையத்தை மாட்டப் போனேன். அண்ணன் தடுத்தார். களத்தின் கோடிக்குச் சென்று, சுவர்ப் பக்கமிருந்து வண்டியை நோக்கி, தோட்டத்துக்கு நடப்பதுபோலவே ஓரமாக நடந்துவந்தார். பாதியில் நின்றார். “இப்பொழுது உன் தம்பியின் முகம் தெரிகிறது” என்றார். விதி 106 சொல்லும் சோதனையை அவர் படிக்காமலே செய்துவிட்டார். எதிரே வரும் வண்டிக்குள் ஒரு மனிதர் இருப்பது தெரிகிறது என்பதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. “ஊரிலிருந்து வரும்போது டிக்கி காலியாகவா இருக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம்மவர் ஊருக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவது உண்டா? இரண்டு அரிசி மூட்டை, உடன்குடிக் கருப்பட்டி, உளுந்து, தங்கை கொடுத்த மாங்காய் ஊறுகாய்ச் சாடி, பின்னிருக்கையில் மூவர். களத்திலேயே கிடந்த தேங்காய் மூட்டைகளை டிக்கியில் ஏற்றிப் பார்த்தோம். பழகித் தொய்ந்த பின்பக்கப் பட்டைகள் 2 அங்குலம் தாழ்ந்தன. முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம் 97 அங்குலம். பின்புறம் 2 அங்குலம் தாழ்ந்தால் மூக்கு நூற்றில் இரண்டு பங்கு நிமிர்கிறது. 25 அடியில் அது 6 அங்குலம். கோட்டுக்கு 3 அங்குலம் கீழே இருந்த ஒளி, இப்பொழுது 3 அங்குலம் மேலே! ஆரல்வாய்மொழியிலிருந்து எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டியவர்களின் வழக்கில் பட்டறைக்காரர் ஒரு பாதிக்குத்தான் பிரதிவாதி, மறுபாதி கருப்பட்டி.

இதற்குத் திருகாணியால் முழுப் பரிகாரம் இல்லை. சுமைக்கென்று ஒளியை இறக்கி வைத்தால், வெறும் வண்டியில் சாலை 30 மீட்டருக்குமேல் தெரியாது. நாங்கள் கண்ட வழி வேறு. கனத்த மூட்டைகளை டிக்கியில் அடுக்காமல் முன்னிருக்கைக்குப் பின்னால் காலடியில் வைக்கிறோம். தாழ்வு பாதிக்குமேல் குறைகிறது. பிறகு தொய்ந்த பட்டைகளை மார்த்தாண்டத்தில் கொடுத்து வளைவேற்றி வாங்கினோம். புதிய வண்டிகள் பலவற்றில் ஓட்டுபவர் இருக்கையிலிருந்தே விளக்கை இறக்கும் சிறு சக்கரம் ஒன்று 0, 1, 2, 3 என்ற எண்களோடு இருக்கிறது. வைத்திருப்பவர்கள் அதைத் தொட்டுப் பார்த்ததுண்டா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

திருகியும் திருப்தியில்லை, சாலை மங்கலாகவே தெரிகிறது என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். அவர்கள் உடனே ஒளியை உயர்த்தப் பார்க்கிறார்கள், அல்லது கடையில் கிடைக்கும் வெள்ளை எல்இடி பல்பைப் பழைய கண்ணாடிக்குள் திணிக்கிறார்கள். பழைய ரிஃப்ளெக்டர் மெல்லிய இழை எரியும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. வேறு வடிவ ஒளி அங்கே அமர்ந்தால் கோடு கலைந்து எல்லாப் பக்கமும் சிதறும். அதைச் சுவரில் பார்த்தாலே தெரியும். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது. விளக்குக்கு வந்துசேரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைகிறது. பாசி பிடித்த எர்த் கம்பியைச் சுரண்டி இறுக்கியதிலேயே எங்கள் இடது விளக்கு மஞ்சளிலிருந்து வெளுத்துவிட்டது. ரிஃப்ளெக்டரின் வெள்ளி உரிந்து போயிருந்தால் மட்டும் அதை மாற்றத்தான் வேண்டும். 7 அங்குல வட்ட விளக்கு இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

தகுதிச் சோதனையில் அதிகாரி விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குறை சொல்லாமல் அடுத்த உறுப்புக்குப் போனார். 5 ஆண்டு கிடைத்தது. களத்துச் சுவரில் நாங்கள் போட்ட கோட்டைக் கண்டு அண்டை அயலார் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கே.எல். 19, கே.எல். 20 வண்டிகளோடு, பாறசாலைக்கு அப்பாலிருந்து டி.என். 75 ஜீப் ஒன்றும் வந்தது. கோட்டைப் பெயிண்டால் நிரந்தரமாக்கிவிடலாமே என்றார் களத்துக்காரர். ஆகாது என்றார் அண்ணன். ஜீப்பின் விளக்கு ஓர் உயரம், மாருதியின் விளக்கு வேறோர் உயரம். ஒருவர் கோட்டில் இன்னொருவர் விளக்கைத் திருகினால் பழைய கதைதான். சாக்குக்கட்டியே போதும், மழை அழித்துவிட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. களத்தில் கொப்பரை காயாத நாட்களில், இருட்டிய பிறகு, இப்பொழுதும் யாராவது ஒருவர் அங்கே திருப்புளியோடு நிற்கிறார். அண்ணன் வீட்டிலிருந்தால் கோடியிலிருந்து ஒருமுறை நடந்துவந்து பார்த்துவிட்டுப் போகிறார்.